கிராவல் எடுத்த குழியில் கொழுக்கட்டைப்புல் பிடிக்கவில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கத்து மேட்டாங்காடுகளில் கிராவல் வெட்டி முடித்துக் கைவிட்ட குழிகளுக்காக எழுதியது இது. ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் மழை 600 மி.மீ. சுற்றித்தான். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் விழுந்துவிடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நிலத்தைத் துடைத்துக்கொண்டு போகும். இந்த மழைக்கும் இந்தக் காற்றுக்கும் பழகிய நிலம் எப்படி இருக்கும் என்பதற்கு மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. கிளுவை வேலி போட்டு, நடுவே வெள்வேல் நின்று, தரை முழுக்கக் கொழுக்கட்டைப்புல் மூடிய கொரங்காடுதான் அது. அங்கேயும் மண் செம்மண் சரளைதான். ஆகவே சரளையில் புல் வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு ஓர் உத்தரவு போட்டது. சுரங்க வேலை முடிந்ததும் குத்தகைதாரர் அந்த நிலத்தில் மறுபடி புல் வளர்த்து, தீவனமும் செடிகொடிகளும் உயிரினங்களும் தழைக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதைக் குத்தகை நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். எனவே இது நிலக்காரர் மனமிருந்தால் செய்கிற வேலையாக மட்டும் இல்லை.

பெரும்பாலான குழிகளில் நடப்பது ஒன்றுதான். முதல் விதைப்பு பொய்த்துவிடும். அடுத்த ஆண்டு இருமடங்கு விதை வாங்கி வீசுவார்கள். அதுவும் பொய்த்துவிடும். தவறு பெரும்பாலும் விதையில் இருக்காது. தரை இறுகிக் கிடப்பதிலும், மழைநீர் நிற்காமல் ஓடுவதிலும் இருக்கும். அதனால் மறுபடி விதை வாங்கும் முன் ஒரு காலைப்பொழுதைக் கீழே உள்ள மூன்று சோதனைக்கு ஒதுக்குங்கள்.

முதலில் மூன்று சோதனை

கடப்பாரைச் சோதனை. மழை பெய்த இரண்டாம் நாள், தரை ஈரமாக இருக்கும்போது செய்ய வேண்டும். காய்ந்த செம்மண் எப்படியும் கல்லாகத்தான் இருக்கும், அப்போது பார்த்தால் எதுவும் தெரியாது. கடப்பாரையை நெஞ்சு உயரத்திலிருந்து நேராகத் தரையில் விடுங்கள். குழிக்குள் இருபது இடத்தில், வேலிக்கு வெளியே வெட்டப்படாத நிலத்தில் ஐந்து இடத்தில் செய்து, இறங்கிய ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குழிக்குள் ஒரு சாண்கூட இறங்காமல் 'டங்' என்று எகிறினால் டிப்பரும் ஜேசிபியும் ஓடி இறுக்கிய தரை என்று பொருள்.

நீர்ச் சோதனை. ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் குழி வெட்டி, ஒருமுறை நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை நிரப்பியது ஒரு மணி நேரத்துக்குள் காணாமல் போனால் அடியில் வெறும் சரளை. மறுநாளும் நீர் நின்றால் அடியில் இறுகிய அடுக்கோ களியோ இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து நேரெதிர் என்பதால் இந்தச் சோதனையை விட்டுவிட்டு எதையும் தொடங்க வேண்டாம்.

விதைச் சோதனை. கையில் மிச்சமுள்ள விதையில் நூறை எண்ணி எடுத்து, அதில் ஐம்பதைச் சுணையோடு (விதையை மூடியிருக்கும் மயிரோடு) அப்படியே வையுங்கள். மீதி ஐம்பதை நகத்தால் நசுக்கி உள்ளே இருக்கும் சிறு மணியைப் பிரித்தெடுங்கள். இரண்டையும் தனித்தனியாக ஈரத் துணியில் சுருட்டி, துணி காயாமல் பதினான்கு நாள் பாருங்கள். நசுக்கும்போதே பாதிக்கு மேல் உள்ளே மணியில்லாமல் வெறும் உமியாக இருந்தால் அது பதர். மணி முளைத்து, சுணையோடு வைத்தது முளைக்கவில்லை என்றால் விதை உயிரோடுதான் இருக்கிறது. உறக்கம் இன்னும் கலையவில்லை. இரண்டும் முளைக்காவிட்டால் அந்த மூட்டையை மறந்துவிடலாம்.

அறிகுறி: நல்ல மழை இரண்டு பெய்தும் ஒரு முளைகூட இல்லை

மேலே சொன்ன விதைச் சோதனையில் உறக்கம் என்று தெரிந்தால், காரணம் புது விதை. கொழுக்கட்டைப்புல் விதை அறுத்த உடனே முளைக்காது. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை உலர்ந்த இடத்தில் கிடந்தால்தான் முளைப்பு நன்றாக வரும். நம் பருவத்துக்கு இது பொருந்தியே வருகிறது. மார்கழி, தையில் முற்றும் கதிரை உருவி, கோணிச் சாக்கில் கட்டி, ஈரம் படாமல் தொங்கவிட்டால் புரட்டாசியில் விதைக்கும்போது எட்டொன்பது மாதம் ஆகியிருக்கும். கதிரைக் கையால் லேசாக வருடினாலே உதிர்கிறதா என்று பாருங்கள், அதுதான் முற்றிய பதம். இழுத்துப் பிய்க்க வேண்டியிருந்தால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். பக்கத்துக் கொரங்காட்டிலும் இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை) ஓரத்திலும் சேகரித்த விதை, தொலைவிலிருந்து வரும் பாக்கெட் விதையைவிட இந்த மண்ணுக்கு மேல். ஒரே காட்டில் முழுக்க வழித்தெடுக்காமல், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடாமல், பல காடுகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

விதை நன்றாக இருந்தும் முளைக்கவில்லையென்றால் ஆழத்தைச் சந்தேகியுங்கள். டிராக்டரில் ரொட்டவேட்டர் ஓட்டி விதையைப் புரட்டிவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. இந்த விதைக்கு ஒரு செ.மீ. மண் மூடினால் போதும். மூன்று விரற்கடை ஆழம் போனால் முளை வெளியே வந்து சேராது. வீசிய பிறகு முள்கிளைகளைச் சேர்த்துக் கட்டிய முள்கட்டை ஒன்றை இழுத்துவிட்டால் தேவையான அளவு மூடிவிடும்.

ஆழமும் சரி என்றால் எறும்பைப் பாருங்கள். புற்றைச் சுற்றி உமியும் சுணையும் வட்டமாகக் குவிந்து கிடந்தால் உங்கள் விதையின் கணக்கு அங்கே இருக்கிறது. மருந்து அடிக்கத் தேவையில்லை. விதையை மண்ணில் உருட்டி, மழைக்கு வெகு நாள் முன்னால் போடாமல் இருந்தால் இழப்பு வெகுவாகக் குறையும். காற்றுக்கும் அதே மருந்துதான். சுணை விதை பஞ்சுபோல் பறந்து ஒரே மூலையில் குவியும். உருட்டிய விதை விழுந்த இடத்தில் கிடக்கும்.

உருட்டும் முறை: ஒரு கிலோ விதைக்கு நான்கு கிலோ சலித்த செம்மண், ஒரு கிலோ காய்ந்து பொடித்த சாணம். விதையைத் தார்ப்பாயில் கொட்டி நீர் தெளித்து, மண்சாணக் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, இரண்டு பேர் பாயின் முனைகளைப் பிடித்து முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். சுண்டைக்காயில் பாதியளவு உருண்டைகளாகத் திரளும். அதைவிடப் பெரிதானால் நீர் அதிகம், மண்ணைச் சேருங்கள். நிழலில் இரண்டு நாள் காயவிட்டு விதைக்கலாம். கையில் எடுத்துப் பிதுக்கினால் தூளாக உடைய வேண்டும். களிமண்ணால் உருட்டினால் காய்ந்து கோலிக்குண்டுபோல் ஆகிவிடும், விதை உள்ளேயே கிடக்கும்.

அளவு: பண்பட்ட நிலத்துக்கு ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ. குழிக்கு நான்கு கிலோ போடலாம், அதற்கு மேல் பயனில்லை. புரட்டாசிக் கடைசிக்குள் விதைத்து முடித்தால் ஐப்பசி அடைமழை முழுதும் பயிருக்குக் கிடைக்கும். ஆடிச் சாரலை நம்பி விதைத்து, முளைத்தது ஆவணி வெயிலில் கருகுவதும் வழக்கமாக நடப்பதுதான்.

அறிகுறி: டயர்த் தடத்திலும் கல் ஓரத்திலும் மட்டும் புல், மற்ற இடம் வெறுந்தரை

இது கெட்ட செய்தியாகத் தெரியும், உண்மையில் மிகப் பயனுள்ள அறிகுறி. விதை நல்லது, மழை போதும் என்பதை நிலமே சொல்கிறது. எங்கே நீர் ஒரு மணி நேரமாவது நின்றதோ, எங்கே காற்று கொண்டுவந்த நுண்மண் தங்கியதோ அங்கே புல் வந்திருக்கிறது. மற்ற இடத்தையும் அப்படி ஆக்க வேண்டும், அவ்வளவுதான்.

குழித் தரையைக் கண்ணாடிபோல் சமன் செய்து கொடுப்பது ஜேசிபி ஓட்டுநருக்குப் பெருமை. நமக்கு அது வேண்டாம். மேடுபள்ளமாக, சொரசொரப்பாகவே விடச் சொல்லுங்கள். உழவு எல்லாம் சரிவுக்குக் குறுக்காக, சம உயரக் கோட்டில் போக வேண்டும். கோடு பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் லெவல் டியூபும் சுண்ணாம்புப் பொடியும் போதும்.

மேலே கிடக்கும் கல்லைப் பொறுக்கிச் சுத்தம் செய்யவும் வேண்டாம். கைமுட்டி அளவுக் கற்கள் தரையில் மூன்றில் ஒரு பங்கை மூடியிருந்தால் அவை ஈரத்தைக் காக்கும், மழைத்துளியின் அடியைத் தாங்கும், காற்றில் வரும் விதையைப் பிடித்து நிறுத்தும். பெரிய கற்களை மட்டும் ஓடைத் தடுப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஐந்தாறு சென்ட் வெறும் சரளையாகவே இருக்கட்டும். ஆட்காட்டி அப்படிப்பட்ட வெறுஞ்சரளையில்தான் முட்டையிடும்.

அறிகுறி: பச்சைப் பட்டு விரித்தாற்போல் முளைத்து, மூன்று வாரத்தில் காய்ந்துவிட்டது

மழை நின்று பத்து நாளில் இது நடந்தால் மழையைக் குறை சொல்லாதீர்கள். காய்ந்த நாற்று ஒன்றைக் கொத்தால் சுற்றித் தோண்டி, வேர் அறுபடாமல் எடுங்கள். வாளி நீரில் முக்கி மண்ணைக் கழுவி, வெள்ளைத் துணியில் கிடத்திப் பாருங்கள். நல்ல நிலத்து நாற்றில் வேர் நூல் நூலாக நேரே கீழே இறங்கியிருக்கும். தழை ஒரு சாண் என்றால் வேர் இரண்டு சாண் இருக்கும். குழி நாற்றில் வேர் இரண்டு அங்குலம் இறங்கி, அங்கே தட்டையாக மடங்கி, பக்கவாட்டில் ஓடியிருக்கும். சிலவற்றில் நுனி தடித்துக் குண்டாகியிருக்கும். அடியில் இருக்கும் இறுகிய அடுக்கை முட்டி முட்டித் திரும்பிய வேர் அது. மேலே இருந்த இரண்டங்குல ஈரம் தீர்ந்ததும் செடி செத்துவிட்டது.

இதற்கு ஒரே தீர்வு ஆழமாகக் கிழிப்பது. ஐந்துகலப்பை இங்கே பயனற்றது, மேலே கீறிவிட்டுப் போகும். 50 குதிரைத்திறன் டிராக்டரில் உளிக்கலப்பை பூட்டி ஒன்றரையடி ஆழத்துக்கு, கோட்டுக்குக் கோடு இரண்டடி இடைவெளியில் கிழிக்க வேண்டும். டிராக்டர் திணறினால் ஜேசிபி வாளியைக் கழற்றி ஒற்றைப் பல் ரிப்பர் மாட்டிக் கிழிக்கலாம். வாடகை அதிகம்தான், ஆனால் இந்தச் செலவைத் தவிர்த்துவிட்டு மற்ற எதில் செலவழித்தாலும் பலன் வராது.

நேரம் முக்கியம். கிழிப்பது சித்திரை, வைகாசியில், தரை உலர்ந்திருக்கும்போது. உலர்ந்த தரை பல் போகும் இடத்தைச் சுற்றிப் பாளம் பாளமாக நொறுங்கும். ஈரத்தில் கிழித்தால் வெண்ணெயில் கத்தி போனதுபோல் ஒரு வழவழப்பான தடம் மட்டும் விழும். அதன் சுவர் முன்பைவிட இறுகிவிடும். கிழித்த பிறகு ஒரு வண்டியையும் உள்ளே விடக் கூடாது. எருவை முன்பே குவித்து வைத்துக் கிழியுங்கள், அல்லது கூடையில் சுமந்து போடுங்கள். லோடு டிராக்டர் ஒருமுறை போய்வந்தாலே பாதி வேலை கெட்டுவிடும்.

கிழித்த கோட்டுக்குள் ஏக்கருக்கு ஐந்து டன் மக்கிய தொழுவுரம் அல்லது மக்கிய தென்னை நார்க் கழிவு, 50 கிலோ சூப்பர் பாஸ்பேட். கூடவே பக்கத்துக் கொரங்காட்டில் புல் தூரைச் சுற்றியுள்ள வேர்மண் ஐந்தாறு கூடை எடுத்துத் தொழுவுரத்தோடு கலந்து போடுங்கள். புல் வேரோடு கூடி வாழ்ந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுத்துக் கொடுக்கும் பூஞ்சை அதில் இருக்கிறது. மேல்மண் போன குழியில் அது இருக்காது.

மேல்மண் விலைக்கு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு ஏக்கரில் 10 செ.மீ. தடிமனுக்குப் பரப்ப ஏறத்தாழ 405 கன மீட்டர், அதாவது 143 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) மண் வேண்டும். அத்தனை மண் இன்னொருவர் நிலத்தைச் சுரண்டாமல் வராது. ஒரு குழியை மூட இன்னொரு குழி வெட்டுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். குளத்து வண்டல் கிடைத்தால் வட்டாட்சியர் அனுமதியோடு எடுத்து, முழுதும் பரப்பாமல் சம உயரக் கோட்டில் மூன்றடி அகலப் பட்டையாக, பட்டைக்குப் பட்டை பன்னிரண்டடி விட்டுப் போடுங்கள். ஐந்தில் ஒரு பங்கு மண்ணில், 29 யூனிட்டில் வேலை முடியும். பட்டையில் பிடித்த புல் இரண்டு மூன்று ஆண்டில் இடைவெளிக்கு விதை உதிர்க்கும். வண்டலைக் கிழித்த மண்ணோடு கலக்காமல் மேலே பூசிவிட்டால் அதுவே நீர் இறங்காத மூடியாகிவிடும் என்பதையும், அதோடு சீமைக் கருவேல விதையும் கோரைக் கிழங்கும் வரும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

குவாரி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் வழி எளிது. வெட்டும் முன் மேல் ஓரடி மண்ணைத் தனியே எடுத்து, ஆளுயரத்துக்கு மேல் போகாமல் குவித்து, ஓராண்டுக்குள் முடிந்த பகுதியில் திரும்பப் பரப்பச் சொல்லுங்கள். உயரமாகக் குவித்துப் பல ஆண்டு போட்டால் உள்ளே இருக்கும் விதையும் உயிர்களும் செத்துவிடும்.

அறிகுறி: தரை ஓடு கட்டி வெடித்திருக்கிறது, அடியில் வெளிறிய முளைகள்

ஓட்டை விரலால் பெயர்த்துப் பாருங்கள். அடியில் முளை மஞ்சளாக, கொக்கிபோல் வளைந்து கிடக்கும். களியும் நுண்மணலும் கலந்த செம்மண்ணில் பெருமழை அடித்து வெயில் காய்ந்தால் இப்படித்தான் ஆகும். முளைத்து ஐந்தாறு நாளுக்குள் என்றால் காப்பாற்றலாம். காலையில் ஈரப்பதம் இருக்கும்போது முள்கட்டையை லேசாக இழுத்து ஓட்டை உடையுங்கள், அல்லது நீரைத் தெளித்துவிடுங்கள். அடுத்த விதைப்பில் தடுக்க வழி மூடாக்கு. ஏக்கருக்கு ஒரு டன் அளவு, தரை அங்கங்கே தெரியும்படி மெல்லியதாக. வைக்கோலைவிட, பக்கத்துக் கொரங்காட்டில் விதையோடு அறுத்து வைத்த புல்லே சிறந்தது. மூடாக்கும் அதுவே, விதையும் அதுவே. காற்றில் பறக்காமலிருக்கக் கல்லை மேலே வையுங்கள். கறையான் தின்றால் தின்னட்டும், அது தோண்டும் துளை வழியாக நீர் இறங்கும்.

அறிகுறி: முளைத்த புல் மஞ்சளாகவோ ஊதாவாகவோ நின்றுவிட்டது

எந்த இலை முதலில் நிறம் மாறியது என்று பாருங்கள்.

அடியிலுள்ள முதிர்ந்த இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறை. மக்காத தென்னை நார்க் கழிவையோ மரத்தூளையோ போட்ட இடத்தில் இது நிச்சயம் வரும். பச்சை நார்க் கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கு மேல் கரிமம். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் கொஞ்சநஞ்சத் தழைச்சத்தையும் தாமே எடுத்துக்கொள்ளும். கருத்து, மண்வாசம் வந்து, கையில் பிசைந்தால் பழுப்புச் சாறு வடியாத பதத்துக்கு மக்கியதை மட்டும் போடுங்கள். போட்டது போட்டாயிற்று என்றால், புல் ஒரு சாண் வளர்ந்தபின் ஈரத்தில் ஏக்கருக்கு பத்துப் பதினைந்து கிலோ யூரியா ஒரே ஒருமுறை. அதற்கு மேல் போட்டால் களைதான் முதலில் கொழுக்கும். நிலைத்த தீர்வு கொழிஞ்சி. இந்த மண்ணின் செடி, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து நிறுத்தும், ஆடு அவ்வளவாகத் தொடாது. விதைத்தோல் கெட்டி என்பதால் ஆற்றுமணலோடு சேர்த்துத் தேய்த்து, புல் விதையோடு ஏக்கருக்கு ஒரு கிலோ கலந்து போடுங்கள்.

இலையும் தண்டின் அடியும் ஊதா கலந்து, செடி குட்டையாக நின்றால் மணிச்சத்து எட்டவில்லை. மேலே சொன்ன சூப்பர் பாஸ்பேட்டும் வேர்மண்ணும் போடாத குழிகளில் இது வரும்.

இளம் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. அந்த இடத்து மண்ணில் வினிகரை விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் வெட்டு சுக்கான் (சுண்ணாம்புக் கல்) அடுக்கு வரை போயிருக்கிறது. இலையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசல் தெளித்தால், லிட்டருக்கு 5 முதல் 10 கிராம், இரண்டு வாரம் பச்சை வரும், பிறகு பழையபடி ஆகும். மேய்ச்சல் நிலத்துக்கு அந்தச் செலவு கட்டாது. அந்த இடத்தில் மட்டும் அரையடி செம்மண் போடுங்கள். முடியாவிட்டால் சுக்கான் மேட்டில் தானாக வளர்ந்த புல்லிலிருந்து விதை எடுத்துப் போடுங்கள்.

அறிகுறி: சரிவில் விதையோடு மண்ணும் இறங்கி, அடியில் விசிறியாகக் குவிந்திருக்கிறது

செங்குத்தாக வெட்டிய கரையில் புல் நிற்காது, முயற்சியே வேண்டாம். ஓரடி உயரத்துக்கு மூன்றடி நீளம் என்ற கணக்கில் சரிவைச் சாய்த்த பிறகுதான் விதை. இடம் போதாவிட்டால் படிப்படியாக, படி உட்பக்கம் லேசாகச் சாயும்படி வெட்டுங்கள். கரையடியில் நின்று கடப்பாரையால் குடையும் வேலையை ஆளைக்கொண்டு செய்யவே கூடாது, சரளைக் கரை சொல்லாமல் சரியும்.

அடுத்து, மேலிருந்து வரும் நீரைத் தடுங்கள். சரிவில் விழும் மழையைவிட மேட்டுக்காட்டிலிருந்து கரை வழியாக வழியும் நீர்தான் அறுக்கும். விளிம்பிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி ஒரு வாய்க்கால் வெட்டி, நீரைக் கல் பாவிய ஓரிடத்தில் மட்டும் இறக்கிவிடுங்கள்.

ஏற்கெனவே ஓடை அறுத்திருந்தால் கல் தடுப்பு. ஓடைத் தரையையும் இரண்டு பக்கக் கரையையும் ஓரடி குடைந்து, பெரிய கல்லை அடியில் வைத்துக் கட்டுங்கள், சாந்து வேண்டாம். தடுப்பின் நடுப்பகுதி ஓரங்களைவிட அரையடி தாழ்ந்திருக்க வேண்டும். நடுவில் மேடாக வைத்தால் நீர் பக்கவாட்டில் போய்க் கரையை அறுத்துவிடும். கட்டிய தடுப்புகள் தோற்பது பெரும்பாலும் இதனால்தான். கீழ்த் தடுப்பின் தலை, மேல் தடுப்பின் காலுக்கு நேர் மட்டத்தில் இருக்கும்படி இடைவெளி விடுங்கள்.

சரிவில் விதையைவிட வேர்த்தூர் நடவு நல்லது. மழை பிடித்த பிறகு தூரைத் தோண்டி, தழையை ஒரு சாணுக்கு வெட்டி, இரண்டு மூன்று தண்டுகளாகப் பிரித்து, அன்றே நட வேண்டும். சமதரைக்கு 50 x 30 செ.மீ. போதும், ஏக்கருக்கு 27,000 தூர் பிடிக்கும். சரிவில் 30 x 30 செ.மீ., வரிசைக்கு வரிசை மாற்றி மாற்றி. முழுச் சரிவுக்கும் தூர் கிடைக்காது என்பதால் அறுந்த இடங்களில் தூர், மற்ற இடத்தில் விதை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: குழியின் அடியில் நீர் தேங்கி, புல் அழுகிவிட்டது

கொழுக்கட்டைப்புல் தேங்கிய நீரைத் தாங்காது. அந்தப் பகுதியை வற்றவைக்க வாய்க்கால் வெட்டிச் சிரமப்படாதீர்கள். குட்டையாகவே விட்டு, ஒரு பக்கத்தை மாடு, ஆடு இறங்கி ஏறும் அளவுக்குச் சாய்வாக்கி, செங்குத்துப் பக்கங்களில் முள்வேலி போடுங்கள். குழந்தைகளும் ஆடுகளும் தவறி விழுவது இந்தக் குழிகளில்தான். நீர் ஏறி இறங்கும் விளிம்பில் அருகம்புல் ஓட்டுத்தண்டுகளைப் பதியுங்கள். கோரை தானாக வரும்.

அறிகுறி: புல்லுக்குப் பதில் பார்த்தீனியமும் சீமைக் கருவேலமும்

பார்த்தீனியம் வந்தால் நிலம் ஈரத்தைப் பிடிக்கத் தொடங்கிவிட்டது, புல் இன்னும் மூடவில்லை என்று பொருள். பூக்கும் முன், ஈரத்தில், கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். ஒரு செடி பல்லாயிரம் விதை போடும். பூத்துவிட்டால் பிடுங்கியும் பாதிப் பயன்தான். உப்புக் கரைசல் தெளிக்கும் வழக்கத்தை இங்கே தவிர்த்துவிடுங்கள். நாம் உயிர்ப்பிக்கப் பார்க்கும் மண்ணில் உப்பு சேரும். புல் நெருக்கமாக மூடிய பிறகு பார்த்தீனியம் தானாகக் குறையும்.

சீமைக் கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். நாற்று முழங்கால் உயரம் ஆகும் முன் மழை ஈரத்தில் பிடுங்குங்கள். வளர்ந்ததை, சுற்றிலும் ஓரடி தோண்டி, துளிர் வரும் வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டும். அது எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். காயைத் தின்ற ஆட்டின் புழுக்கையிலும் மாட்டுச் சாணத்திலும் விதை உயிரோடு வெளியேறும். ஆறு மாதமாவது நன்கு சூடேறி மக்காத கட்டுத்தறிக் குப்பையைப் போட்டால் நீங்களே விதைத்ததாகிவிடும்.

அறிகுறி: முதலாண்டு நன்றாக வந்தது, இரண்டாம் ஆண்டு பாதி காணோம்

அநேகமாகச் சீக்கிரம் மேய்த்துவிட்டீர்கள். முதலாண்டுப் புல் பார்வைக்குச் செழிப்பாக இருக்கும், வேர் இன்னும் பிடித்திருக்காது. செம்மறி கடித்து இழுக்கும்போது தூரே பெயர்ந்து வரும். இதைச் சோதிக்க ஒரு கைப்பிடிப் புல்லைப் பிடித்து ஆடு இழுப்பதுபோல் வெடுக்கென்று இழுங்கள். இலை அறுந்து கையில் வர வேண்டும், தூர் அசையவே கூடாது. பத்து இடத்தில் இழுத்து ஓரிடத்தில் தூர் பெயர்ந்தாலும் இன்னும் காத்திருங்கள்.

அதனால் விதைக்கும் முன்பே வேலி முக்கியம். கிளுவைக் கொம்பு வேர்பிடித்து அடைய இரண்டு மூன்று ஆண்டு ஆகும், அதுவரை முள் வெட்டிப் போட்டுத்தான் காக்க வேண்டும். முதலாண்டு மேய்ச்சலே வேண்டாம். தீவனம் அவசரமாக வேண்டுமென்றால் தையில் விதை உதிர்ந்த பிறகு, அரையடி தூர் விட்டு அரிவாளால் அறுத்துக் கொண்டுபோகலாம். இரண்டாம் ஆண்டும் கதிர் முற்றி உதிர்ந்த பிறகே ஆட்டை விடுங்கள். புல் நான்கு விரல் உயரத்துக்கு வந்ததும் ஓட்டிவிட வேண்டும். குழியை இரண்டு மூன்று கடவாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஓய்வு கிடைக்கும்.

மேய்க்கவே இல்லை, ஆனாலும் குறைந்தது என்றால், தூர்களுக்கு நடுவே தரையைப் பாருங்கள். அங்கே புது நாற்று இருந்தால் கவலையில்லை, பலவீனமானவை போய் மற்றவை இடம்பிடிக்கின்றன. நாற்றே இல்லாமல் தரை மறுபடி ஓடு கட்டியிருந்தால், அந்த இடைவெளிகளில் மட்டும் புரட்டாசியில் முள்கட்டை இழுத்து, ஏக்கருக்கு ஒரு கிலோ உருட்டிய விதை போடுங்கள். மயில்கொண்டைப்புல், ஊசிப்புல் தானாக வந்திருந்தால் பிடுங்க வேண்டாம். ஊசிப்புல்லின் முள்விதை செம்மறி ரோமத்தில் ஏறும் என்பதால் அது கதிர் விடும் முன் ஒருமுறை அறுத்துவிட்டால் போதும்.

மரம் நட வேண்டும் என்று வருகிறவர்கள் இந்தக் கட்டத்தில் நிச்சயம் வருவார்கள். புல் மூடிய மூன்றாம் ஆண்டில், வண்டல் பட்டை ஓரமாக, வெள்வேல் கன்றுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக நடலாம். நட்டதைச் சுற்றி முள் வையுங்கள். நிழல் தரையை மூடும் அளவுக்கு நெருக்கினால் அடியில் கொழுக்கட்டைப்புல் மெலிந்துவிடும்.